ஏறுவதற்கு முன் பார்க்கக் கற்போம்

(கோடை விடுமுறைக் குதிரையேற்ற வகுப்பின் முதல் நாளில், புதிய மாணவ மாணவிகளிடமும் பெற்றோரிடமும் நம் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை.)





இன்று யாரும் குதிரையில் ஏறப் போவதில்லை. நாளையும் இல்லை. முன்வரிசையில் சில முகங்கள் வாடுவது தெரிகிறது. மூன்றாம் நாள் இன்ஷா அல்லாஹ் மாஸ்டர் உங்களை ஏற்றிவிடுவார். அதுவரை குதிரையைச் சுற்றி நடந்து பார்ப்பதுதான் வேலை.

சென்ற வாரம் அலுவலகத்துக்கு வந்த ஒரு தாயார் கேட்டார்: "சவாரி கத்துக்கத்தானே பிள்ளையை அனுப்புறோம், குதிரையோட காலை எதுக்குப் பாக்கணும்? அதுக்கு மாஸ்டர் இருக்காரே?" நியாயமான கேள்வி. ஆனால் மாஸ்டர் இந்த மைதானத்தில்தான் இருப்பார். நாளைக்கு இந்தப் பிள்ளை ஊட்டி ஏரிக்கரையிலோ மெரினாவிலோ வாடகைக் குதிரையில் ஏறும்போது அவர் கூட வரமாட்டார். சவாரியின்போது குதிரை தடுக்கி விழுந்தால் முதலில் அடிபடுவது மேலே இருப்பவர்தான். இந்தக் குதிரை என்னைச் சுமக்குமா, சுமந்தால் அதற்கு வலிக்குமா என்று பார்த்துச் சொல்லும் கண், ஏறும் ஒவ்வொருவருக்கும் சொந்தமாக இருக்க வேண்டும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. நம் மஹல்லாவில் குதிரையால் பிழைக்கும் குடும்பங்கள் இன்னும் நாலைந்து உண்டு. கல்யாண ஊர்வலத்துக்கும் திருவிழாவுக்கும் குதிரை விடுகிறவர்கள். அவர்களில் ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஆடி மாதத்தில் அந்தியூர்ச் சந்தைக்குப் போனார். வீட்டு நகையை அடகு வைத்த பணம் கையில். செவலைக் குதிரை, நெற்றியில் வெள்ளைப் பொட்டு, சுழி சுத்தம் என்று நாலு பேர் சொன்னார்கள். வாங்கி வந்தார். ஏழாம் மாதம் முன்னங்கால் நொண்டியது. நல உதவி நிதியிலிருந்து மருத்துவச் செலவைக் கொடுத்தோம். காலைத் தடவிப் பார்த்த கால்நடை மருத்துவர் சொன்ன வார்த்தை எங்கள் காதில் இன்னும் இருக்கிறது. "அடிபட்டு வந்த கோளாறு இல்லை. இந்தக் கால் பிறந்ததே இப்படித்தான். வாங்குற அன்னிக்கே பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும்." அந்தச் சகோதரர் இங்கேதான் அமர்ந்திருக்கிறார். சொல்லலாம் என்று அவரே அனுமதி தந்ததால்தான் சொல்கிறோம். நகை இன்னும் மீளவில்லை.

சுழியைப் பற்றி ஒரு வார்த்தை. சுழி என்பது மயிர் வளரும் திசை மாறித் திரும்பும் இடம், அவ்வளவுதான். உங்கள் உச்சந்தலையிலும் ஒன்று இருக்கிறது. அது குதிரையின் எலும்பைத் தாங்காது, மூட்டைக் காக்காது. சுழி சரியில்லை என்றால் சந்தையில் விலை குறையும், நாளை விற்கப் போனால் வாங்க ஆள் வராது. அந்த அளவுக்கு அதைக் கவனிக்கிறவர்களை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் சுழியைப் பார்த்துவிட்டுக் காலைப் பார்க்காமல் வருவது, கதவின் வண்ணத்தைப் பார்த்து வீடு வாங்குவதுபோல.

இப்போது எல்லோரும் வலது கையை மேசைமேல் வையுங்கள். நடுவிரலின் நுனி மட்டும் மேசையில் படட்டும். மற்ற விரல்களைத் தூக்கிவிடுங்கள். மணிக்கட்டையும் தூக்குங்கள். குதிரை நிற்பது இப்படித்தான். நாம் குதிரையின் முன்னங்கால் முட்டி என்று சொல்கிறோமே, அது உண்மையில் உங்கள் மணிக்கட்டு. குளம்பு என்பது நடுவிரலின் நகம். பின்னங்காலில் பின்பக்கமாகத் துருத்திக்கொண்டு ஒரு மூட்டு இருக்கும், மாஸ்டர் அதை ஹாக் என்பார். அது உங்கள் குதிகால். 400 கிலோ எடையுள்ள ஒரு பிராணி நான்கு விரல் நகங்களின் மேல் நிற்கிறது, ஓடுகிறது, அதற்கு மேல் நம்மையும் ஏற்றிக்கொள்கிறது. அல்ஆதியாத் சூராவை ஓதும்போதெல்லாம் அந்தக் குளம்புகளில் தெறிக்கும் தீப்பொறி நம் கண்முன் வருகிறது. அதைத் தெறிக்கவிடுவது ஒற்றை விரல் என்பது கல்லூரியில் விலங்கியல் படித்தபோதுதான் நமக்குத் தெரிந்தது.

முன்னங்கால் முட்டிக்குக் கீழே கையை வைத்துத் தடவிப் பார்த்தால் சதையே கிடைக்காது. எலும்பும், கயிறுபோன்ற தசைநாண்களும்தான். பின்னங்காலில் ஹாக்குக்குக் கீழேயும் அப்படியே. கீழ்க்கால் இலேசாக இருப்பதால்தான் குதிரை அவ்வளவு வேகமாகக் காலை வீசுகிறது. ஆனால் தசைநாணுக்கு இரத்த ஓட்டம் குறைவு. ஒருமுறை இழுபட்டுக் கிழிந்தால் ஆறுவதற்கு மாதக் கணக்காகும். கோணலான கால் ஒவ்வொரு அடியிலும் அந்தக் கயிற்றைத் தவறான பக்கம் இழுக்கிறது. அந்தச் செவலைக்கு நடந்தது இதுதான்.

நிற்கும் குதிரையின் எடையில் நூற்றுக்கு ஏறக்குறைய 60 பங்கு முன்னங்கால்கள் மேல் விழுகிறது. தலையும் கழுத்தும் அந்தப் பக்கம்தானே இருக்கின்றன. நாம் உட்காருவதும் அந்தக் கால்களுக்குச் சற்றுப் பின்னால்தான். இதில் ஒரு விந்தை, குதிரைக்குத் தோள்பட்டையை நெஞ்சோடு இணைக்கும் காறை எலும்பு கிடையாது. முன்னங்கால்கள் இரண்டும் உடலோடு தசையாலும் நார்களாலும் மட்டுமே கட்டப்பட்டிருக்கின்றன. ஊஞ்சல் மாதிரி உடல் நடுவில் தொங்குகிறது. அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள நல்ல ஏற்பாடு. அந்த ஏற்பாடு சரியாக வேலை செய்யக் கால் நேராக இருக்க வேண்டும்.

நேராக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? கொத்தனார் சுவரைப் பார்ப்பது எப்படியோ அப்படித்தான். தூக்குக் குண்டு. சமதளத்தில், சிமெண்டுத் தரையாக இருந்தால் இன்னும் நல்லது, குதிரையை நான்கு காலிலும் எடை விழும்படி நிறுத்தச் சொல்லுங்கள். புல்லிலும் சேற்றிலும் நிறுத்திக் காட்டினால் குளம்பு மறைந்துவிடும். மூன்று நாலு மீட்டர் தள்ளி நில்லுங்கள். பின்பக்கம் பார்க்கும்போது நேர் பின்னால் கிட்டத்தில் போகவே கூடாது, பிள்ளைகளே, இது உத்தரவு.

முன்னாலிருந்து பாருங்கள். தோளின் முன்முனையிலிருந்து ஒரு நூலைத் தொங்கவிட்டால், அது முட்டியின் நடுவிலும் அதற்குக் கீழுள்ள மூட்டின் நடுவிலும் சென்று குளம்பின் நடுவில் இறங்க வேண்டும். குளம்பு இரண்டும் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால், நடக்கும்போது அந்தக் கால் உள்பக்கமாக வளைந்து வந்து மற்றக் காலில் இடிக்கும். உள்பக்கம் திரும்பியிருந்தால் துடுப்புப் போடுவதுபோல் வெளிப்பக்கம் வீசும். இரண்டில் முதலாவதே சவாரிக்கு அதிகத் தொல்லை, ஏனென்றால் தன் காலில் தானே இடித்துத் தடுக்கும்.

பக்கவாட்டில் வாருங்கள். முட்டி சற்று முன்னால் தள்ளி மடங்கியது போலிருந்தால் சிலர் பயப்படுவார்கள். இலேசாக இருந்தால் பெரும்பாலும் அதோடு காலம் தள்ளிவிடும். முட்டி பின்னால் தள்ளி, கால் முன்பக்கம் குழிந்ததுபோல் தெரிந்தால்தான் எச்சரிக்கை. ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் முட்டியின் சின்ன எலும்புகள் முன்பக்கம் நசுங்குகின்றன, பின்பக்கத் தசைநாண் இழுபடுகிறது. செவலையின் கால் இந்த வகை. சந்தையில் தீனி நன்றாகப் போட்டு, எண்ணெய் தடவி மின்னவைத்திருந்தார்கள். மினுக்கத்தைப் பார்த்த கண் முட்டிக்கு இறங்கவில்லை. இதை நாங்கள் குற்றமாகச் சொல்லவில்லை, அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை என்பதற்காகச் சொல்கிறோம்.

கீழ் மூட்டுக்கும் குளம்புக்கும் நடுவே சாய்வாக ஒரு துண்டு இருக்கிறது. பாஸ்டர்ன் என்பார்கள். பிள்ளைகளுக்கு நாம் 'ஸ்பிரிங்' என்று சொல்லித் தருவோம், அது போதும். இந்த ஸ்பிரிங்கும் தோள்பட்டையும் ஏறக்குறைய ஒரே சாய்வில், 45 முதல் 50 பாகை வரை இருந்தால் நல்லது. குளம்பின் முன்முகமும் ஸ்பிரிங்கின் சாய்வையே தொடர வேண்டும். செங்குத்தாக நின்றால் ஒவ்வொரு அடியும் உங்கள் முதுகுத்தண்டு வரை இடிக்கும், குதிரையின் மூட்டும் சீக்கிரம் தேயும். மிக நீளமாய்ச் சாய்ந்திருந்தால் உங்களுக்கு மெத்தையில் போவதுபோல் சுகம், அதன் தசைநாணுக்குச் சங்கடம். சவாரி சுகமாக இருக்கிறது என்பது மட்டும் குதிரை நலமாக இருப்பதற்குச் சாட்சி ஆகாது.

பின்னங்காலுக்கும் ஒரு நூல். பிட்டத்தின் கடைசி முனையிலிருந்து தொங்கவிட்டால் ஹாக்கின் பின்முனையைத் தொட்டு அதன் கீழ் எலும்பை ஒட்டியே இறங்க வேண்டும். அந்த எலும்பு அரிவாள்போல் முன்னால் வளைந்து உடலுக்கு அடியில் போனால் ஹாக்கின் பின்புறம் பலவீனம். பின்னாலிருந்து பார்க்கையில் இரண்டு ஹாக்குகளும் ஒன்றையொன்று நெருங்கி, குளம்புகள் விலகி நிற்கும் குதிரைகளும் உண்டு. மாடுகளில் இதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கொஞ்சமாக இருந்தால் வகுப்புக் குதிரைக்குப் பெரிய குறையில்லை.

முதுகுக்கு வருவோம். கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் ஒரு மேடு இருக்கும், விதர்ஸ். குதிரையின் உயரத்தை அளப்பது தலைவரை இல்லை, இந்த மேடு வரை. கணக்கு 'கை'யில் சொல்வார்கள், ஒரு கை 4 அங்குலம். இந்த மேடுதான் சேணத்தை நிறுத்திவைக்கிறது. மேடு தட்டையாக இருந்தால் சேணம் பக்கவாட்டில் சரியும், புதிதாக ஏறுகிறவர் சேணத்தோடு சேர்ந்து சரிவார். மிகக் கூர்மையாக இருந்தால் சேணம் அழுத்திப் புண்ணாகும். குதிரைக்குப் பக்கத்துக்கு 18 விலா எலும்புகள். அரபுக் குதிரைகள் பலவற்றுக்கு 17. கடைசி விலாவுக்குப் பின்னால் இடுப்பு வரை உள்ள இடத்துக்கு அடியில் முட்டுக்கொடுக்க எலும்பு இல்லை. சேணம் கடைசி விலாவைத் தாண்டவே கூடாது. ஒரே குதிரையில் இரண்டு பேர் ஏறும்போது பின்னால் இருப்பவர் உட்காருவது சரியாக அந்த இடத்தில்தான். ஆகவே நம் மைதானத்தில் அண்ணன் தம்பியாக இருந்தாலும் டபுள்ஸ் கிடையாது.

எடைக் கணக்கு பெற்றோருக்கும், குதிரை விடும் சகோதரர்களுக்கும். குதிரை தன் எடையில் நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் சுமக்கக் கூடாது என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. சேணமும் அதில் அடக்கம். குதிரையை எடைபோட மேடை எங்கே என்று கேட்பீர்கள். தையல் டேப் போதும். முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து, அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்குங்கள். தோளின் முன்முனையிலிருந்து பிட்டத்தின் கடைசி முனை வரை உள்ள நீளத்தால் மறுபடி பெருக்குங்கள். வந்ததை 11,880 ஆல் வகுத்தால் ஏறக்குறையக் கிலோ கணக்கு கிடைக்கும். நம் ஊர் மட்டக் குதிரை ஒன்று, சுற்றளவு 150, நீளம் 140 என்று வையுங்கள். 265 கிலோ வருகிறது. அதில் ஐந்தில் ஒரு பங்கு 53. சேணம் 8 கிலோ என்றால் மீதி 45. எட்டாம் வகுப்புப் பிள்ளை ஏறலாம். மாப்பிள்ளை ஏறலாமா? 80 கிலோ மாப்பிள்ளை, ஜரிகை விரிப்பு, மடியில் ஒரு குழந்தை, தார்ச்சாலையில் இரண்டு மணி நேரம், பக்கத்தில் பேண்டு வாத்தியம். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். குதிரை விடும் சகோதரர்களுக்கு வரும் வருமானத்தை நாங்கள் தடுக்கவில்லை. எந்தக் குதிரைக்கு எந்த ஆள் என்று முன்பணம் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள் என்கிறோம். காலொடிந்த குதிரை எந்த ஊர்வலத்துக்கும் போகாது.

வயிறு முதுகோடு ஒட்டிப்போன ஒட்டகத்தைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், இந்த வாயில்லாப் பிராணிகள் விஷயத்தில் இறைவனை அஞ்சிக்கொள்ளுமாறும், அவை நல்ல நிலையில் இருக்கும்போதே ஏறுமாறும் சொன்னதாக அபூதாவூத் நூலில் வருகிறது. நல்ல நிலையில் இருக்கிறதா என்று பார்க்கத் தெரியாதவர் இந்தக் கட்டளையை எப்படி நிறைவேற்ற முடியும் என்பதே நம் கேள்வி. நம் முன்னோர் இதைப் படிப்பாகவே படித்தார்கள். குதிரை வைத்தியருக்கு அரபியில் பைத்தார் என்று பெயர். 14ஆம் நூற்றாண்டில் எகிப்தின் சுல்தான் நாசிர் முஹம்மதின் லாயத்தில் இருந்த அபூபக்ர் என்ற பைத்தார், குதிரையைப் பற்றி ஒரு பெரிய நூலே எழுதி வைத்தார்.

நம் கடற்கரைக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் காயல் துறைமுகத்தைப் பற்றி எழுதும்போது, ஹுர்முஸ், ஏடன் போன்ற இடங்களிலிருந்து குதிரைகள் கப்பலில் வந்து இறங்குவதையும், பாண்டிய அரசர்கள் பெரும் பொருள் கொடுத்து அவற்றை வாங்குவதையும் சொல்கிறார். ஆண்டு முடிவதற்குள் பெரும்பாலானவை செத்துப்போகும், பராமரிக்கத் தெரிந்தவர் இங்கே இல்லை, வியாபாரிகளும் குதிரை வைத்தியரை வரவிடுவதில்லை என்றும் எழுதுகிறார். வைத்தியர் வந்துவிட்டால் அடுத்த ஆண்டு வியாபாரம் படுத்துவிடுமே! விற்பவருக்குத் தெரிந்ததும் வாங்குபவருக்குத் தெரியாததும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு எழுநூறு ஆண்டுப் பழைய கணக்கு இது. இந்த மண்டபத்தில் பெயருக்குப் பின்னால் ராவுத்தர் என்று போடுகிறவர்கள் பாதிப் பேர் இருப்பீர்கள். அந்தச் சொல்லுக்கே குதிரைவீரர் என்றுதான் பொருள்.

நம் லாயத்தில் இப்போது மூன்று குதிரைகள். மூன்றிலும் குறை உண்டு, மறைக்கவில்லை. உயரமான பழுப்புநிறக் குதிரை பந்தயத்தில் ஓடி ஓய்வுபெற்றது. முன் குளம்புகள் வெளிப்பக்கம் திரும்பியவை, அதனால் காலுக்குப் பட்டை கட்டித்தான் வெளியே கொண்டுவருவோம். காது இரண்டும் உள்பக்கம் வளைந்து நுனி தொட்டுக்கொள்ளும் குதிரை மார்வாரிக் கலப்பு. கால்கள் நல்லவை, முதுகு கொஞ்சம் நீளம், ஆகவே பெரியவர்களை அதில் ஏற்றுவதில்லை. மூன்றாவது மட்டக் குதிரை. அழகே கிடையாது, தலை பெரிது, பிடரி மயிர் துடைப்பம்போல். ஆனால் நூல் தொங்கவிட்டுப் பாருங்கள், நான்கு காலும் கொத்தனார் கட்டிய தூண்போல் இருக்கும். புதியவர்கள் எல்லோருக்கும் முதல் சவாரி அதன்மேல்தான். முற்றிலும் குறையில்லாத குதிரையைத் தேடிக்கொண்டிருந்தால் வகுப்பே நடக்காது. எந்தக் குறையோடு எந்த வேலையைச் செய்ய முடியும் என்று தெரிந்தால் போதும்.

சிலர் மனத்தில் இன்னொரு கேள்வி இருக்கிறது. சென்ற மாதம் ஒரு நல்ல மனிதர் தம் வெள்ளைக் குதிரையை வகுப்புக்கு இலவசமாகத் தர முன்வந்தார், அறக்கட்டளை ஏன் வேண்டாம் என்றது? ஊரில் அதற்குப் பல விளக்கங்கள் உலவுகின்றன. உண்மை எளியது. பார்ப்பதற்கு ராஜா மாதிரி குதிரை. ஆனால் முதுகு நீண்டு நடுவில் தாழ்ந்திருக்கிறது, ஸ்பிரிங் செங்குத்து, அந்தப் பெரிய உடலுக்குக் குளம்பு மிகச் சிறியது. தொடக்க மாணவர் சேணத்தில் அரிசி மூட்டையை இறக்குவதுபோல் தொப்பென்று உட்காருவார். குறை சொல்லவில்லை, எல்லோரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். ஒரு நாளைக்குப் பத்துப் பிள்ளைகள் அப்படி உட்கார்ந்தால் அந்த முதுகு ஓர் ஆண்டு தாங்காது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று பழமொழி உண்டு. தனக்கு வந்த தானத்துக்கு அது பொருந்தலாம். பிள்ளைகளை ஏற்றும் இடத்தில் பல்லையும் பார்க்க வேண்டும், காலையும் பார்க்க வேண்டும். அந்த அன்பருக்கு முதலில் வருத்தம்தான். மருத்துவரோடு போய் நூலைத் தொங்கவிட்டுக் காட்டியபின் அவரே தம் தோட்டத்தில் மேயவிட்டுவிட்டார். வகுப்புக்கு மாதந்தோறும் கொள்ளும் கோதுமைத் தவிடும் அனுப்புகிறார். அல்லாஹ் அவருக்கு பரக்கத் செய்வானாக.

கடைசியாகக் குளம்பு. அது மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை சீவ வேண்டும், லாடம் அடித்திருந்தால் கழற்றி மாற்ற வேண்டும். கவனிக்காமல் விட்டால் நேரான காலும் கோணலாகத் தெரியும். ஆகவே ஒரு குதிரையின் காலைப் பற்றித் தீர்ப்புச் சொல்லுமுன், கடைசியாக எப்போது சீவினீர்கள் என்று கேளுங்கள். மெலிவும் அப்படித்தான். தீனி போட்டால் மெலிவு மாறும், எலும்பு மாறாது. மெலிந்த குதிரையில் அமைப்பு தெளிவாகத் தெரியும். கொழுத்த குதிரையில்தான் கண் ஏமாறும்.

நாளைக் காலை ஆறரை மணிக்கு மைதானத்துக்கு வந்துவிடுங்கள். ஒவ்வொருவரும் ஒரு நோட்டு, ஒரு தையல் டேப், ஒன்றரை மீட்டர் நூலில் கட்டிய ஒரு போல்ட் நட்டு கொண்டு வாருங்கள். செருப்பு வேண்டாம், ஷூ அவசியம். பெண்பிள்ளைகள் துப்பட்டாவைக் காற்றில் பறக்காதபடி குத்திக்கொள்ளுங்கள், படபடக்கும் துணி குதிரையை மிரட்டும். மூன்று குதிரைகளையும் ஒவ்வொன்றாக நிறுத்துவோம். முதலில் நீங்கள் பார்த்து எழுதுவீர்கள், பிறகுதான் மாஸ்டர் வாய் திறப்பார். குதிரை விடும் குடும்பத்தார் தங்கள் குதிரைகளையும் ஓட்டி வரலாம். கால்நடை மருத்துவர் பத்து மணி வரை இருப்பார், கட்டணம் இல்லை. அடுத்த ஆடிச் சந்தைக்குப் போக நினைப்பவர்கள் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு அலுவலகத்தில் பெயர் கொடுத்தால், பார்த்துச் சொல்லத் தெரிந்த ஒருவரைக் கூட அனுப்புகிறோம், பஸ் செலவு அறக்கட்டளையுடையது.